புற்றுநோயால் காலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலும்பிலோ தசையிலோ வந்த புற்றுநோய்க்காகக் காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, வெளியே வராந்தாவில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரோடு பேசுவது, மருத்துவமனைச் சமூகப் பணியாளரான என் வேலைகளில் ஒன்று. ஊரும் வயதும் மாறினாலும் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் அதிகம் பார்ப்பது முழங்காலைச் சுற்றி வரும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோயை என்பதால் பதில்களும் பெரும்பாலும் காலைப் பற்றியே இருக்கும். மருந்தையும் அறுவையையும் பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? ஏன் காலையே எடுக்கச் சொல்கிறார்கள்?

இன்று இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காலைக் காப்பாற்றியே அறுவை செய்கிறார்கள். நோயுற்ற எலும்பை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோக மூட்டையோ வேறு எலும்பையோ பொருத்துவார்கள். ஆனால் கட்டியை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஓர் அடுக்கைச் சேர்த்து எடுத்தாக வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் முக்கிய நாளத்தையும் நரம்பையும் கட்டி சுற்றி வளைத்திருந்தாலோ, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, கடுமையான கிருமித்தொற்று இருந்தாலோ, புற்றுநோய் என்று தெரியாமல் முன்பே யாராவது அந்த இடத்தைத் திறந்து நோயைப் பரப்பியிருந்தாலோ, அந்த அடுக்கோடு சேர்த்துக் கட்டியை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட நிலையில் காலை வைத்துக்கொள்வது நோயையும் வைத்துக்கொள்வதாகிவிடும்.

காலை எடுத்த பிறகும் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை எதற்கு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். கீமோ வருவதற்கு முன்பு, காலை உடனே எடுத்தும்கூட ஐந்தில் ஒருவர் அளவிலேயே பிழைத்தார்கள். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்ததே அதற்குக் காரணம். ஆகையால்தான் பொதுவாக அறுவைக்கு முன்பு சில சுற்று, பின்பு சில சுற்று எனக் கீமோ கொடுக்கிறார்கள். அறுவைக்குப் பின் நடப்பவை இந்த வரிசையைச் சார்ந்தவை என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுப் பார்த்தால் இவர் கோபித்துக்கொள்வாரா?

கோபித்துக்கொள்ள மாட்டார். காலை எடுப்பது போன்ற முடிவுக்கு இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை, நல்ல மருத்துவர்கள் தாங்களே அதைச் சொல்வார்கள். எலும்புப் புற்றுநோய் அரிதானது என்பதால், இதையே தொடர்ந்து செய்துவரும் அறுவை நிபுணர் இருக்கும் இடத்தில் கேளுங்கள். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் பல துறை மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகடும், பயாப்சியின் (சோதனைக்காக எடுத்த திசுவின்) ஸ்லைடுகளும், அந்தத் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளும் தேவைப்படும். வளரும் குழந்தையாக இருந்தால், கணுக்காலைத் திருப்பிப் பொருத்தி அதையே முழங்காலாகப் பயன்படுத்தும் ரொட்டேஷன்பிளாஸ்டி என்ற அறுவைக்கு வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது கருத்துக்காக அலையும் நாட்களில் நடந்துகொண்டிருக்கும் கீமோவை நிறுத்தாதீர்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவது, இறுக்கிக் கட்டுப்போடுவது ஆகியவற்றுக்கு அந்தக் காலைக் கொடுக்காதீர்கள். கட்டியைப் பிசைவதால் உள்ளே இரத்தம் கசிந்து நோய் அக்கம்பக்கத்துத் திசுவில் பரவ இடமுண்டு, காப்பாற்றியிருக்கக்கூடிய காலும் அதனால் கைவிட்டுப் போகலாம்.

அவருக்கு மனம் தாங்காது. சொல்லாமலே ஆபரேஷனை முடித்துவிட்டு அப்புறம் சொல்லலாமா?

நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். அன்பினால் கேட்கிறார்கள் என்பது தெரிந்தும், கூடாது என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். 18 வயது நிறைந்து தெளிவோடு இருப்பவருடைய உடம்பைப் பற்றிய ஒப்புதலை அவர்தான் கொடுக்க முடியும். வீட்டார் பத்துப் பேர் கையெழுத்திட்டாலும் அது அவருடைய ஒப்புதல் ஆகாது.

சட்டத்தை விடுங்கள். கட்டியை மட்டும் எடுக்கப் போகிறார்கள் என்று நம்பி உள்ளே போனவர், மயக்கம் தெளிந்து, போர்வைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் காலோடு சேர்ந்து உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் கீமோ இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொல்வதை அவர் நம்பியாக வேண்டும். மறைக்கிற வீடுகளில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தான் வந்தவுடன் பேச்சு நின்றுபோவதைக் கவனித்தே அவர் பாதியை ஊகித்திருப்பார், மீதியைப் பற்றிய பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பார்.

அவருக்கு என்ன தெரியும் என்பதை முதலில் கேளுங்கள். மருத்துவரே சொல்லட்டும், அவர் மிகவும் நம்பும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். சொன்ன பிறகு அறுவைக்குச் சில நாட்களாவது இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போகப்போகிற காலிடம் விடைபெற ஒவ்வொருவருக்கும் ஒரு வழி வேண்டியிருக்கிறது. ஓர் இளம்பெண் அறுவை அரங்குக்குப் போகும் காலையில் தன் கொலுசு இரண்டையும் தானே கழற்றித் தங்கையின் கால்களில் போட்டுவிட்டாள். திருகாணியைத் திருகக் கை நடுங்கியபோது உதவ வந்த அம்மாவை வேண்டாமென்று தடுத்தாள். முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அவளால் அதைச் செய்ய முடிந்தது.

மகனுக்கு 9 வயதுதான். குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

சிறார்களுக்குக் கையெழுத்திடுவது பெற்றோர் என்றாலும், மேலே சொன்னது குழந்தைக்கும் பொருந்தும். சொற்கள் மட்டும் சிறியவையாக இருக்க வேண்டும். "உன் காலில் கெட்ட நோய் இருக்கிறது, மருந்து மட்டும் கொடுத்தால் போகவில்லை, நீ நன்றாக இருப்பதற்காக மருத்துவர் அந்தக் காலை எடுக்கப் போகிறார், நீ தூங்கும்போது எடுப்பதால் அப்போது வலிக்காது, அம்மா வெளியே இருப்பேன்" என்ற அளவு போதும். கால் திரும்ப முளைக்குமா என்று சின்னக் குழந்தைகள் கேட்பார்கள், முளைக்காது என்று சொல்லுங்கள். அன்றைக்குச் சமாதானமாகட்டும் என்று முளைக்கும் எனச் சொல்லிவிட்டால், குழந்தை அதற்காகக் காத்திருக்கும்.

சேட்டை செய்ததாலோ கீழே விழுந்ததாலோதான் இப்படி ஆயிற்று என்று குழந்தைகள் தாங்களாக முடிவு கட்டிக்கொள்வது உண்டு. நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்பதை அவன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணன், அக்கா, தங்கை யாராக இருந்தாலும் அவர்களுக்கும் அதே நாளில் சொல்லுங்கள். நோயாளிக் குழந்தையைச் சுற்றியே வீடு இயங்கும் மாதங்களில் அவர்கள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள்.

இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டு, பிழைக்க மாட்டேன் என்கிறான். என்ன பதில் சொல்வது?

இளைஞர்கள் தேடும்போது பெரும்பாலும் முதலில் கண்ணில் படுபவர் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டு இளைஞர். இதே நோய்க்காக 1977-ல், 18 வயதில், வலது காலை இழந்த அவர், 1980-ல் செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காகக் கனடாவின் குறுக்கே 143 நாட்கள் ஓடினார். நோய் நுரையீரலில் திரும்பியதால் ஓட்டத்தை நிறுத்தினார், 1981-ல் இறந்தார். அவருடைய தைரியத்தைப் படித்து உற்சாகமடைய வேண்டும் என்று யாரோ அனுப்பி வைக்க, பையன் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறான்.

அந்தக் கதையை மறுக்கவோ மழுப்பவோ வேண்டாம். இந்த நோய்க்கான கீமோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லுங்கள். இன்று, நோய் வேறிடத்துக்குப் பரவியிருப்பது தெரியாத நிலையில் முழுச் சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அறுவையில் எடுத்த கட்டியைச் சோதிக்கும்போது 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் கீமோ நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். தன் நிலை என்ன என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கும் வாய்ப்பை, வீட்டார் வெளியே இருக்க, அவனுக்கு ஒரு முறையாவது ஏற்படுத்திக் கொடுங்கள்.

தைரியம் சொன்னால் எரிந்து விழுகிறார். சுதா சந்திரன் ஆடவில்லையா என்று கேட்டதற்குத் தட்டையே தள்ளிவிட்டார். என்னதான் பேசுவது?

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் பேருந்து விபத்தில் காயமுற்றுக் காலை இழந்தவர், ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு 1984-ல் மீண்டும் மேடையேறியவர். போற்றத்தக்க வாழ்க்கை அது. ஆனால் நேற்றுவரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்த, முடி கொட்டிய, தொடையின் நடுவில் காலை இழக்கப்போகிற ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லும்போது, நீ அழுவதற்கு உனக்கு உரிமையில்லை என்பதாகவே அவர் காதில் விழுகிறது. முழங்கால் மூட்டு மிஞ்சியவர் நடப்பதற்கும் மிஞ்சாதவர் நடப்பதற்கும் உடல் செலவிடும் உழைப்பிலேயே பெரிய வேறுபாடு உண்டு. முன்மாதிரிகளை அவரே தேடிக் கேட்கும் நாள் வரும், அதுவரை வைத்திருங்கள்.

பேசுவதைவிடக் கேட்பது நல்லது. "எது அதிகமாகப் பயமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். பயம் நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. ஒருவருக்கு வலி, இன்னொருவருக்குக் கழிவறைக்குப் போக அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சம், மற்றொருவருக்குக் கடன். பெயர் தெரிந்த பயத்துக்கு ஏதாவது செய்யலாம். கோபம் உங்கள் மேல் வருவது நீங்கள் அருகில் இருப்பதால்தான். தட்டை எடுத்து வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்துப் பசிக்கிறதா என்று கேளுங்கள்.

அவர் முன்னால் நாங்கள் அழக்கூடாதா?

அழலாம். வீட்டில் யாருமே கண்கலங்கவில்லை என்றால் தன் இழப்பு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லையோ என்றுகூட அவர் நினைக்கக்கூடும். உங்களைத் தேற்றும் வேலை அவர் தலையில் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடக்க முடியாத அழுகைக்கு, நோயாளியல்லாத ஒருவரின் தோள் உங்களுக்கும் வேண்டும்.

அறுவைக்கு முன்பு வீட்டில் என்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்?

கழிவறையிலிருந்து தொடங்குங்கள். தரையோடு இருக்கும் கழிவறையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது ஆபத்து. மேலைநாட்டு வகைக் கழிவறை வைக்க வசதியில்லையென்றால், நடுவில் துளையுள்ள நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கும், அதை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். குளிக்க முக்காலி அல்ல, முதுகு சாய்க்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும். சுவரில் கைப்பிடி பொருத்தும்போது கொத்தனார் ஒருவர் தொங்கிப் பார்த்துச் சோதிக்கும் அளவுக்கு அது உறுதியாக இருக்க வேண்டும். நிலைப்படி, தரைவிரிப்பு, நனைந்த தரை ஆகியவைதான் கீழே விழ வைப்பவை.

முடிந்தால் அறுவைக்கு முன்பே இயன்முறை மருத்துவரைப் பார்த்து, ஊன்றுகோலில் நடக்கவும் கைகளுக்கு வலுவேற்றவும் பழகிவிடச் சொல்லுங்கள். இருகாலோடு கற்றுக்கொள்வது எளிது. அதே சந்திப்பில் செயற்கை உறுப்பு நிபுணரையும் பார்த்துவிட்டால், எந்த இடத்தில் வெட்டினால் பின்னால் பொருத்த வசதி என்பதை அறுவை நிபுணரோடு அவர் பேச முடியும்.

எடுத்த காலை என்ன செய்வார்கள்? நாங்கள் வாங்கி அடக்கம் செய்யலாமா?

தயங்கித் தயங்கி, எல்லோரும் போன பிறகு வந்து கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறேதும் இல்லை. எடுத்த பகுதி முதலில் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகும். விளிம்பில் நோய் மிஞ்சியிருக்கிறதா, கட்டி எவ்வளவு செத்திருக்கிறது என்பவை அங்கேதான் தெரியும். அதன் பிறகு, மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி எரித்தோ ஆழப் புதைத்தோ முறையாக அகற்றுவார்கள்.

தங்கள் வழக்கப்படி அடக்கம் செய்ய விரும்பினால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருத்துவமனையின் நடைமுறையைக் கேட்டு, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இதில் நோயாளியின் விருப்பம் என்ன என்பதையும் கேட்க வேண்டும்.

இல்லாத கால் வலிக்கிறது, பெருவிரல் மடங்கி நிற்கிறது என்கிறார். மனநிலை பாதித்துவிட்டதா?

இல்லை. காலை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கால் இன்னும் இருப்பதாக உணர்வு இருக்கும், பாதிப்பேருக்கும் மேல் வலியும் இருக்கும். மூளையில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. கால் போன பிறகும் அந்த இடம் அப்படியே இருந்து, வெட்டுண்ட நரம்பிலிருந்தும் அண்டைப் பகுதியிலிருந்தும் வரும் செய்தியைக் காலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டபோது இல்லாத கையில் தொடுவதாக அவர் உணர்ந்ததைக் கண்டறிந்தார். 1990-களில் கண்ணாடிச் சிகிச்சையை உருவாக்கியவரும் அவரே. நல்ல காலைக் கண்ணாடியின் முன் வைத்து அசைக்கும்போது, பிம்பத்தில் இரண்டு கால்களும் அசைவதாகத் தெரியும். மடங்கி நின்ற விரல் நிமிர்ந்ததாக உணர்ந்து சிலருக்கு வலி குறைகிறது. பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலும் தொடரலாம்.

காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளும் உண்டு. சாதாரண வலி மாத்திரை கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இரவில் பாதித் தூக்கத்தில் எழுந்து, கால் இருக்கும் நினைவில் கீழே வைத்து விழுபவர்கள் நிறைய. சின்ன விளக்கொன்று எரியட்டும், வாக்கர் கைக்கெட்டும் பக்கத்தில், அவர் எழும் திசையில் இருக்கட்டும்.

வலிக்கிறது என்பதால் தொடைக்கு அடியில் தலையணை வைத்துக் கொடுக்கிறோம். சரிதானே?

பாசத்தில் செய்யும் இந்தக் காரியம் பின்னால் நடப்பதற்குத் தடையாகிவிடும். மிஞ்சிய பகுதியை மருத்துவமனையில் ஸ்டம்ப் என்பார்கள். தலையணை வைத்து உயர்த்தியே வைத்திருந்தால் இடுப்பு மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், அப்புறம் செயற்கைக் காலில் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் முழங்காலை நீட்டி வைக்க வேண்டும், கட்டிலிலிருந்து தொங்கவிட்டு உட்காரக்கூடாது. மருத்துவர் அனுமதித்ததும் தினமும் சில முறை குப்புறப் படுக்கச் சொல்வார்கள், சலிப்பான பயிற்சி என்றாலும் விடக்கூடாது.

வீக்கம் வடிந்து வடிவம் பெற, எட்டு வடிவில் குறுக்காகச் சுற்றும் கட்டு போடுவார்கள். நுனியில் இறுக்கமும் மேலே போகப்போகத் தளர்வும் இருக்க வேண்டும். செவிலியர் சுற்றும்போது செல்பேசியில் படமெடுத்துவைத்தால் வீட்டில் குழப்பம் வராது. காயம் ஆறியபின் தினமும் மென்மையான சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். செயற்கைக் கால் போடுவதற்கு முன் எண்ணெய் தடவக்கூடாது. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், இரவென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித்தொற்று மிக வேகமாக முற்றும்.

முதல் சில நாட்கள் ஸ்டம்பைப் பார்க்கவே மறுப்பவர்கள் உண்டு. கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் கட்டு மாற்றும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருங்கள், அவர் ஸ்டம்பைப் பார்ப்பதற்கு முன்பு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

செயற்கைக் கால் எப்போது போடலாம்? இலவசமாகக் கிடைக்குமா?

காயம் ஆறி, வீக்கம் வடிந்து, வடிவம் நிலைபெற வேண்டும் என்பதால் பொதுவாக வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். விபத்தில் இழந்தவரைவிடப் புற்றுநோயாளிக்குத் தாமதமாகலாம். கீமோவின்போது எடை கூடிக் குறைவதால் இன்று அளவெடுத்த சாக்கெட் (ஸ்டம்ப் உள்ளே பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதி) அடுத்த மாதம் பொருந்தாது. எனவே முதலில் தற்காலிகக் கால் கொடுத்துப் பழக்கிவிட்டு, கீமோ முடிந்ததும் நிலையானதைச் செய்வார்கள். வளரும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது மாற்ற வேண்டும். முதல் காலுக்கே சேமிப்பு முழுவதையும் செலவிட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். விலை உயர்ந்த மூட்டைவிட, உறுத்தாமல் பொருந்தும் சாக்கெட்டும் பழகக் கிடைக்கும் பயிற்சியும் முக்கியம்.

சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்புகள் செய்து கொடுக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகங்களில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். 1975-ல் தொடங்கிய ஜெய்ப்பூர் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, ஜெய்ப்பூர் கால்களை இலவசமாகவே பொருத்திவருகிறது.

வேறு என்னென்ன உதவி கிடைக்கும்? வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கையொப்பமிட்டுத் தருவார்கள். காயம் ஆறியதும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், யு.டி.ஐ.டி. என்ற நாடு முழுவதற்குமான மாற்றுத்திறனாளி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். காலை இழந்ததை ஒப்புக்கொள்வது போலிருக்கிறது என்று அட்டையை வாங்க மறுப்பவர்கள் உண்டு, அவர்களுக்குச் சில மாதங்கள் கொடுங்கள்.

அரசு வேலையில் இருப்பவரை, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனார் என்பதற்காக நீக்கவோ பதவியிறக்கவோ 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய நிலையில் வேறு பணி தர வேண்டும். இது தெரியாமல் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம்.

எங்களுக்குக் கையைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் பொருந்துமா?

பேசும் விதம், மறைக்காமை, இல்லாத உறுப்பின் வலி எல்லாம் அப்படியே பொருந்தும். கையில் வேறுபாடு என்னவென்றால், செயற்கைக் கையால் தொட்டுணர முடியாது என்பதால் பலர் அதைத் தொடர்ந்து அணிவதில்லை, மற்றொரு கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகுகிறார்கள். வலது கையை இழப்பவர் அறுவைக்கு முன்பே இடது கையால் எழுதவும் சாப்பிடவும் தொடங்கட்டும். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட எல்லோரும் முன்வருவார்கள். சிந்திச் சாப்பிட்டாலும் தானே சாப்பிட விடுவதே உதவி.

பார்க்க வருபவர்கள் "யார் கண் பட்டதோ, என்ன பாவமோ" என்கிறார்கள். எப்படித் தடுப்பது?

வாசலிலேயே தடுக்க வேண்டும். குடும்பத்தில் வாய்த்துடுக்கான ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். "அவனுக்குக் களைப்பாக இருக்கிறது, பத்து நிமிடம்தான்" என்று சொல்லியே உள்ளே அனுப்பட்டும். கீமோ நாட்களில் சளி, இருமலோடு வருபவர்களை அனுப்பவே கூடாது என்பதால் அதையும் காரணமாகச் சொல்லலாம். யாரைப் பார்க்க விருப்பம், யாரை வேண்டாம் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மீறி ஒருவர் அப்படிப் பேசிவிட்டால், நோயாளியின் எதிரிலேயே, "இது நோய், பாவத்தால் வந்ததில்லை" என்று உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்துப் பேசியதை நோயாளி தன் காதால் கேட்பது முக்கியம்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. நான் அருவருப்பதாக நினைக்கிறாரோ?

அப்படி நினைத்து ஒதுங்குபவர்கள் உண்டு. பகலெல்லாம் கட்டு மாற்றி, மருந்து கொடுத்து, குளிப்பாட்டும் கைகளே இரவில் தொடும்போது தாம் நோயாளியா கணவரா என்று குழம்புபவர்களும் உண்டு. முடிந்தால் கட்டு மாற்றுவது, குளிக்க உதவுவது ஆகியவற்றில் சிலவற்றைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துவிடுங்கள். ஸ்டம்ப் இருக்கும் பக்கமே வழக்கம்போல் படுத்துக்கொள்ளுங்கள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று கேளுங்கள். கேட்பதே நீங்கள் தொட விரும்புவதைச் சொல்லிவிடும். சோர்வும் விருப்பமின்மையும் கீமோவாலும் வலி மருந்தாலும் வருபவை, காலப்போக்கில் மாறக்கூடியவை. திருமணமாகாத இளைஞராக இருந்தால், கீமோ குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடும் என்பதால் விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றிக் கீமோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒருவேளை நோய் நுரையீரலுக்குப் போய்விட்டால், காலை எடுத்தது வீண்தானே?

இரண்டும் வெவ்வேறு. காலில் இருந்த கட்டி வளர்ந்து வெடித்து, இரத்தம் கசிந்து, தாங்க முடியாத வலி தந்திருக்கும். அதை எடுத்ததால் அந்தத் துன்பம் இல்லாமல் போயிற்று. நுரையீரலில் சில புள்ளிகள் மட்டும் தோன்றினால் அவற்றையும் அறுவை செய்து எடுக்க முடியும், அப்படி எடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒரு முறை மார்பை ஸ்கேன் செய்யச் சொல்வது, சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்காக. நன்றாகத்தானே நடக்கிறான் என்று அந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயது 24. என்ன சொன்னாலும் காலை எடுக்க மாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா?

மிகக் கடினமான கேள்வி இது. ஒப்புதலைப் பற்றி முன்பு சொன்னது இங்கேயும் நிற்கும், அவன் மறுத்தால் மறுத்ததுதான். தற்கொலை செய்துகொள்வேன் என்று அம்மாவை விட்டு அவனை மிரட்ட வைப்பது, சத்தியம் வாங்குவது எல்லாம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கிய சம்மதம் அறுவை அரங்கின் வாசலில் உடைந்துபோகும், இல்லையென்றால் பின்னால் வாழ்நாள் பகையாக நிற்கும்.

மறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று யாரோ ஆசை காட்டியிருக்கலாம், அப்படியானால் முன்பு சொன்னபடி இரண்டாவது கருத்துக்கு அழைத்துப்போங்கள். இனி வேலையும் திருமணமும் இல்லை என்று நினைத்திருந்தால், முழங்காலுக்கு மேல் காலை இழந்து வேலைக்குப் போய்வரும் ஒருவரோடு தனியாக ஒரு மணி நேரம் பேச வையுங்கள். மருத்துவமனையில் கேட்டால் விருப்பமுள்ள பழைய நோயாளியைத் தொடர்புபடுத்துவார்கள், மற்ற எவர் பேச்சைக் காட்டிலும் அது பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பதாகத் தெரிந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் காத்திருக்கலாம், அதற்குள் கீமோவைத் தொடரலாமா என்று அறுவை நிபுணரிடம் கேட்டு, அந்தக் கெடுவை அவனுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்.

எல்லாம் தெரிந்து, யோசித்து, அப்போதும் வேண்டாம் என்றால் வேறு என்ன சிகிச்சை தர முடியும் என்று கேளுங்கள். கீமோ, கதிர்வீச்சு, வலியைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சை ஆகியவை அப்போதும் உண்டு. மறுத்துவிட்டான் என்பதற்காக மருத்துவமனைக்கு அழைத்துப்போவதை நிறுத்திவிடாதீர்கள். மனம் மாறினால் யாரிடம் வர வேண்டும் என்பதையும் அன்றே கேட்டு, அந்தத் தொலைபேசி எண்ணை அவனுடைய செல்பேசியிலேயே பதிந்து வையுங்கள்.